சேற்றிலும் மணலிலும் மின்சார வண்டி: எமது வட்டைகளுக்கு ஏற்றதா?

படுவான்கரையில் வேளாண்மை செய்பவர்கள் 2022ஆம் ஆண்டை இலகுவில் மறக்கமாட்டார்கள். அவ்வருடம் யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாகவும் பெற்றோல் 470 ரூபாவாகவும் உயர்ந்தன. விலை ஒருபுறமிருக்க, அந்த விலைக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாகத் தாவியது. வயலில் உழவு இயந்திரம் நின்றது, வாவியில் இயந்திரத் தோணி நின்றது, சந்தைக்குப் போகும் முச்சக்கர வண்டியும் நின்றது.

அன்றிலிருந்து எமது கிராமக் குழுக்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. மின்சாரத்தில் ஓடும் உழவு இயந்திரம், மின்சாரத்தில் ஓடும் சாமான் வண்டி எமது பகுதிக்குச் சரிவருமா என்பதே அக்கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின் இக்கேள்வி வெறும் ஆசையாக இல்லாமல், லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதா இல்லையா என்ற கேள்வியாக மாறியிருக்கிறது. ஆகவே இப்பாடத்தில் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விற்பவர் சொல்லும் கணக்கையல்ல, எமது மணலும் சேறும் சொல்லும் கணக்கை.

ஒரு லீற்றர் டீசலுக்குள் என்ன இருக்கிறது?

மின்சார நிலுவைச் சிட்டையில் நாம் காணும் ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். ஆயிரம் வாற்று மின்அழுத்தி ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் சக்தி அது. ஒரு லீற்றர் டீசலை முழுவதும் எரித்தால் ஏறத்தாழ 10 யூனிற் அளவு வெப்பம் கிடைக்கும். ஆனால் லேண்ட்மாஸ்டர் போன்ற சிறிய இயந்திரங்கள் அதில் நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மிகுதி முழுவதும் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் வெளியே போகிறது. ஆகவே ஒரு லீற்றர் டீசலில் எமக்குக் கிடைக்கும் உண்மையான வேலை சுமார் இரண்டரை யூனிற் மட்டுமே.

மின்மோட்டார் இவ்வளவு வீண்செலவு செய்வதில்லை. மின்னேற்றி, பற்றரி, மோட்டார் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைக் கழித்தாலும், சுவர்ச் செருகியிலிருந்து மூன்று யூனிற் எடுத்தால் அதே இரண்டரை யூனிற் வேலையைச் செய்துவிடும். எனவே மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: உழவு வேலையில் ஒரு லீற்றர் டீசலுக்கு மூன்று யூனிற் மின்சாரம். இன்றைக்கு ஒரு லீற்றர் டீசல் என்ன விலை, உங்கள் வீட்டுச் சிட்டையில் ஒரு யூனிற் என்ன விலை என்று பாருங்கள். பெரும்பாலும் மின்சாரம்தான் மலிவாக வரும். விற்பனையாளர்கள் இக்கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். நாம் நிற்கக் கூடாது.

பாரம் என்னும் சிக்கல்

பத்து லீற்றர் டீசலின் நிறை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கானில் ஊற்றி, சைக்கிள் கரியரில் கட்டி வாடிக்குக் கொண்டுபோய்விடலாம். அந்தப் பத்து லீற்றர் செய்யும் வேலையைப் பற்றரியில் நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 30 யூனிற் வேண்டும். தற்காலத்தில் நல்லதெனப்படும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியில் இது பெட்டியோடு சேர்த்துச் சுமார் 250 கிலோ வரும். பழைய ஈய அமிலப் பற்றரியில் போட்டால் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் போகும். ஏனெனில் ஈயப் பற்றரியை அரைவாசிக்கு மேல் வடியவிட்டால் அது விரைவில் செத்துவிடும். ஆகவே தேவையைப்போல் இரு மடங்கு வைக்க வேண்டியிருக்கும்.

தார் வீதியில் இந்தப் பாரம் பெரிய குற்றமல்ல. சேற்று உழவில் அதுவே பெரும் குற்றம். எமது நெல்வயல்களில் உழுத சேற்றுக்குக் கீழே கடினமான படை ஒன்று உண்டு. இரும்புச் சில்லு அந்தப் படையைப் பிடித்துத்தான் நடக்கிறது. தண்ணீர் கட்டி நிற்பதும் அந்தப் படையால்தான். பாரம் கூடிய இயந்திரம் அதை உடைத்துக்கொண்டு இறங்கினால், அன்றைய உழவு கெடுவதோடு பின்னர் தண்ணீரும் நிற்காது. வரம்பிலிருந்து வரம்புக்கு ஏற்றி இறக்கும் வேலையையும் நினைத்துப் பாருங்கள். லேண்ட்மாஸ்டரின் பின்னால் நடந்து திரிந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அயல்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. மேற்கு வங்காளத்தின் துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரவியல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் சிறு விவசாயிகளுக்கென்று பிரைமா ஈ.டி.11 என்னும் மின் உழவு இயந்திரத்தை உருவாக்கி 2023இல் வெளியிட்டது. அதை வீட்டுச் செருகியிலேயே 7 முதல் 8 மணித்தியாலத்தில் மின்னேற்றலாம் என்றும், வயலில் 4 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் என்றும், சுமை இழுத்தால் 6 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே இயந்திரம், ஒரே பற்றரி. உழவில் 4, இழுவையில் 6. இந்தியாவின் சோனாலிகா கம்பனி 2020 டிசெம்பரில் வெளியிட்ட டைகர் இலக்ரிக் என்ற உழவு இயந்திரத்திலும் சுமார் 25 யூனிற் பற்றரியே உள்ளது. வீட்டுச் செருகியில் நிரம்பப் பத்து மணித்தியாலம். இவை நான்கு சில்லு இயந்திரங்கள். காய்ந்த நிலத்துக்கும் தோட்டத்துக்கும் சரி. எமது பெரும்போகத்தில் முழங்கால் சேற்றில் விடியற்காலை தொடக்கம் பொழுதுபடும்வரை ஓடும் இயந்திரத்துக்குப் பதிலாக நிற்கக்கூடியவை என்று நாம் கருதவில்லை.

இன்னுமொன்று. மழை கிடைத்தவுடன் வட்டை முழுவதும் ஒரே கிழமைக்குள் உழ வேண்டிவரும். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளும் குளத்துக் கூட்டத்தில் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அப்போது நாலு மணித்தியாலம் உழுதுவிட்டு எட்டு மணித்தியாலம் காத்திருக்க எந்தக் கமக்காரனுக்கும் மனம் வராது. டீசல் இயந்திரத்துக்கு ஐந்து நிமிடத்தில் எண்ணெய் ஊற்றலாம்.

எங்கே மின்சாரம் வெல்லும்?

அப்படியானால் இதை விட்டுவிடலாமா? இல்லை. உழவை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். ஒரு லேண்ட்மாஸ்டர் வருடத்தில் எத்தனை நாள் உழுகிறது, எத்தனை நாள் பெட்டி இழுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விதைநெல், பசளை, நெல்மூடை, விறகு, மணல், கல்லு, திருவிழாவுக்குச் சனம் என்று இழுவை வேலைதான் கூட. இழுவையில் வண்டி நிற்பதும் போவதுமாக இருக்கும். மூடை ஏற்றும்போது டீசல் இயந்திரம் சும்மா நின்று எரிந்துகொண்டிருக்கும். மின்மோட்டார் நிற்கும்போது எதையும் குடிப்பதில்லை. அத்துடன் மின்மோட்டார் அசையத் தொடங்கும் முதற் கணத்திலேயே முழு இழுவிசையையும் தரும். கிளச்சைத் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. குழிக்குள் விழுந்த சில்லை மெதுவாக வெளியே எடுப்பதற்கு இது மிக நல்லது.

மரக்கறித் தோட்டக்காரர்கள், பால் சேகரிப்பவர்கள், மீன் வாடியிலிருந்து ஐஸ்பெட்டி கொண்டுபோகிறவர்கள் ஆகியோரது ஓட்டம் ஒவ்வொரு நாளும் ஒரே பாதை, ஒரே தூரம். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் வழியாக எழுவான்கரைக்கு வந்து திரும்பும் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை இதே துறையில் படகுப் பாதைக்காகக் காத்திருந்தோம். இன்று தார் வீதியில் சில நிமிட ஓட்டம். தூரம் தெரிந்தால் பற்றரியின் அளவும் தெரியும். தேவைக்கு மேல் பாரம் சுமக்க வேண்டியதில்லை. மின்வண்டிக்கு இதைவிட நல்ல வேலை எமது பகுதியில் கிடையாது.

இவ்விடத்தில் வண்டியை விட்டு ஒரு கணம் தண்ணீருக்குப் போவோம். பாலமில்லாத துறைகளில் ஓடும் படகுப் பாதைகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். குறித்த இரண்டு கரை, குறித்த தூரம், ஒவ்வொரு கரையிலும் ஓய்வு. கேரளத்தில் எமது வாவியைப் போன்ற வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் பயணிக்கும் ஆதித்யா என்னும் சூரியசக்திப் படகு 2017 ஜனவரியிலிருந்து சேவையில் ஈடுபடுத்தப்பட்டது. கூரையிலுள்ள சூரியப் பலகைகளும் அடியிலுள்ள பற்றரியும் அதை ஓட்டுகின்றன. தண்ணீரில் பற்றரியின் பாரம் சேற்றில்போலத் தொல்லை தருவதில்லை. எமது பிரதேச சபைகள் படகுப் பாதைகளுக்கு அடுத்தமுறை இயந்திரம் வாங்கும்போது இதையும் விசாரித்துப் பார்க்க வேண்டுமென்பது எமது எண்ணம்.

மணலின் கணக்கு

சில்லில் ஓடும் எந்த வண்டியும் தரையின் இழுபாட்டை வெல்ல வேண்டும். ஒரு தொன் பாரமுள்ள வண்டியை நல்ல தார் வீதியில் தள்ள ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ விசை போதும். இளகிய மணலில் அதே வண்டிக்கு 150 கிலோ முதல் 300 கிலோ வரை தேவைப்படும். அதாவது பத்து மடங்கும் அதற்கு மேலும். கடையில் எழுதியிருக்கும் 80 கிலோமீற்றர், 100 கிலோமீற்றர் என்பவையெல்லாம் சமதரையில், தார் வீதியில், ஓர் ஆள் ஏறி ஓடிய கணக்கு. வாவிக்கரை மணலிலும், மழைக்குக் குழைந்த கிரவல் பாதையிலும் அந்தத் தூரம் கிடைக்காது. டீசல் வண்டிக்கும் இதே நட்டம் உண்டுதான். ஆனால் அதற்கு ஒரு கானில் எண்ணெய் கொண்டுபோகலாம். பற்றரி இறங்கிய வண்டியைக் கட்டி இழுப்பதைத் தவிர வழியில்லை. சில்லின் காற்றைச் சிறிது குறைத்து, அகலமான சில்லுப் போட்டால் மணலில் இழுபாடு குறையும். வீதிக்கு ஏறியவுடன் மீண்டும் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரயர் போய்விடும்.

உப்பும் வெள்ளமும்

எமது வாவி கடலோடு கலக்கும் உவர்நீர் வாவி. கரையோரத்தில் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை கூரைத் தகட்டைப் பார்த்தாலே தெரியும். மின்வண்டியில் துருவுக்கு ஆளாகும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: வயர் முனைகள், இணைப்பிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரு முனையில் பச்சை பூத்தால் முழு வண்டியும் நின்றுவிடும். வாங்கும்போது ஐ.பி.67 என்ற தரக்குறி பற்றரிக்கும் மோட்டாருக்கும் உண்டா என்று கேளுங்கள். தூசு புகாது என்பதும், ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் நீர் புகாது என்பதும் அதன் பொருள். அரை மணித்தியாலம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் எமது வீடுகளுக்குள் வந்த வெள்ளம் அரை மணித்தியாலத்தில் வடியவில்லை. சப்பாத்துப் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும்போது மெல்லக் கடப்பது வேறு, வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பது வேறு. வெள்ளத்தில் கிடந்த லேண்ட்மாஸ்டரைக் கழற்றி, கழுவி, எண்ணெய் மாற்றி ஓட்டிவிடலாம். உப்புநீர் புகுந்த லித்தியம் பற்றரியை எக்காரணம் கொண்டும் மின்னேற்ற முயலக் கூடாது. பல நாள் கழித்தும் அது தீப்பற்றக்கூடும். வீட்டுக்கு வெளியே, கூரைக்கும் வைக்கோலுக்கும் தூரமாக அதை வைக்க வேண்டும்.

சத்தமின்மையை எல்லோரும் புகழ்கிறார்கள். காது செவிடாகாமல் வேலை செய்வது பெரிய நன்மைதான். ஆனால் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்க எல்லைக் கிராமத்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பொழுதுபட்ட பின் சத்தமில்லாத வண்டியில் வரும் மனிதனும் சத்தமில்லாமல் நிற்கும் யானையும் ஒருவரையொருவர் மிகவும் கிட்டத்தில்தான் கண்டுகொள்வார்கள். முன்விளக்கு நல்லதாக இருக்க வேண்டும். இருட்டுமுன் திரும்புவது அதைவிட நல்லது.

மின்சாரம் எங்கிருந்து வரும்?

ஒரு சிறிய சாமான் வண்டி நாளொன்றுக்கு மூன்று யூனிற் எடுத்தால் மாதம் 90 யூனிற் ஆகிறது. எமது கிராமத்து வீடுகள் பலவற்றில் மாதப் பாவனை 60 யூனிற்றுக்குக் கீழே நிற்கிறது. வீட்டுக் கட்டண முறையில் 60ஐத் தாண்டியவுடன், தாண்டிய யூனிற்றுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிற்றுக்கும் விலை கூடுகிறது. ஆகவே வண்டியின் மின்செலவு என்பது 90 யூனிற்றின் விலை மட்டுமல்ல. பழைய சிட்டைக்கும் புதிய சிட்டைக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசமே வண்டியின் செலவு. கட்டணமும் நிலையாக நிற்பதில்லை. 2022 ஆகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெரிதாக ஏறியது, 2024இல் இரண்டு முறை இறங்கியது, 2025 ஜனவரியில் மேலும் இறங்கியது, அதே யூனில் மீண்டும் ஏறியது.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் உச்சநேரம். வேலை முடிந்து வந்தவுடன் எல்லோரும் வண்டியைச் செருகினால் கடைக்கோடி வீடுகளில் மின்அழுத்தம் விழுந்துவிடும். மாறாகப் பகலில் நாட்டில் மின்சாரம் மிஞ்சும் நாட்களும் வந்துவிட்டன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியப் பலகைகளைப் பகல்வேளையில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் காசில்லாமல் கொட்டும் ஓர் ஊரில், அதை எடுக்க ஆளில்லாமல் நிறுத்தச் சொல்லும் நிலைமை! காலையில் ஓடி, நடுப்பகல் வெயிலில் கூரைப் பலகையில் மின்னேறி, பின்னேரம் மீண்டும் ஓடும் வண்டிக்கு இதைவிட நல்ல காலம் வராது. ஆனால் பாடசாலை, நெல் ஆலை, கூட்டுறவுக் கட்டடம் போன்று கூரை இருக்கும் இடத்தில் வண்டி பகலில் நிற்க வேண்டும். தனி வீட்டில் பலகை வாங்கும் வசதி சிலருக்கே உண்டு.

பற்றரியின் ஆயுளும் கடனின் ஆயுளும்

எமது குடும்பங்களை வீழ்த்தக்கூடிய இடம் இதுதான். மலிவாக வரும் மின்வண்டிகள் பலவற்றில் ஈய அமிலப் பற்றரி இருக்கும். அது 300 முதல் 500 தடவை மின்னேற்றியபின் தளர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஓடினால் ஒன்றரை வருடம். லீசிங் காசு நாலு ஐந்து வருடம் கட்ட வேண்டும். கடன் முடியுமுன் இரண்டு தடவையாவது பற்றரி மாற்ற வேண்டிவரும் என்பதைக் கையெழுத்து வைக்கும் அன்று எவரும் சொல்வதில்லை. நல்ல லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி 2000 தடவைக்கு மேல் தாங்கும். விலை கூட, ஆனாலும் ஒரு தடவைக்கான செலவைப் பார்த்தால் அதுவே மலிவு. நுண்கடனால் பட்ட பாடு எமது தாய்மாருக்குத் தெரியும். இன்னொரு வாரக்கடனை வண்டியின் பெயரில் எடுக்க வேண்டாம்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் பற்றரி முதுமையடையும். போகத்துக்கு மட்டும் பாவிக்கும் இயந்திரத்தில் விலையுயர்ந்த பற்றரி போடுவது ஆகாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சும்மா வைக்கும் காலத்தில் ஈயப் பற்றரியை நிரப்பி வைத்து மாதமொருமுறை மின்னேற்ற வேண்டும். லித்தியம் பற்றரியை அரைவாசி நிரப்பி, நிழலான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் முறை வேறு என்பது பலருக்குத் தெரியாததால் எத்தனையோ பற்றரிகள் வீணாகின்றன. செத்த ஈயப் பற்றரியை வீட்டில் உடைக்கவோ, அமிலத்தை வாவிக்கரையில் ஊற்றவோ கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. வாவியில் கலந்தால் இறாலோடும் நண்டோடும் எமது சட்டிக்கே திரும்பி வரும்.

திருத்துநர் விடயமும் உண்டு. லேண்ட்மாஸ்டர் பழுதானால் ஊரிலேயே ஒருவர் சாவியும் சுத்தியலும் கொண்டு மாமரத்தடியில் திருத்திவிடுவார். மின்வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி போனால் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஊருக்குள் இரண்டு மூன்று இளைஞர்களாவது இதைக் கற்றுக்கொள்ளுமுன் ஒரு கிராமம் முழுவதும் மின்வண்டிக்கு மாறுவதை நாம் விரும்பமாட்டோம். 2021இல் இரசாயனப் பசளை ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது, நல்லதென்று சொல்லப்பட்ட ஒன்று ஆயத்தமில்லாமல் வந்தால் வயலில் என்ன நடக்குமென்று கண்டோம். எருமை கட்டி உழுத காலத்திலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோதும் உழவு விரைவானது. எருவும் தயிரும் குறைந்தன. எந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு.

ஆகவே எமது ஆலோசனை இது. உழவுக்கு இருக்கும் இயந்திரத்தை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழுவாகச் சேர்ந்து ஒரு சாமான் வண்டியை, அதுவும் வாங்குமுன் இரண்டு மூன்று நாள் இரவலாகப் பெற்று, பரீட்சித்துப் பாருங்கள். நீங்கள் வழமையாக ஏற்றும் பாரத்தையே ஏற்றுங்கள். ஓர் ஆளை ஏற்றி ஓட்டுவது பரீட்சையல்ல. செருகியில் பொருத்தும் சிறிய மின்மானி ஒன்றை வைத்து, எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை யூனிற் போனது என்று கொப்பியில் எழுதுங்கள். தார் வீதிக்கு ஒரு பக்கம், வட்டைப் பாதைக்கு ஒரு பக்கம், கரை மணலுக்கு ஒரு பக்கம். இதை ஆடி ஆவணி வெயிலில் மட்டும் செய்தால் போதாது. ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்து வட்டைப் பாதை குழைந்த பிறகும் ஒருமுறை அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.